இரண்டு பத்திகளில் ஒரு தந்தையும் மகனும்

அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1910-ல் வெளியிட்ட ‘ஆஃப்ரிக்கன் கேம் டிரெயில்ஸ்’ என்ற வேட்டை நூலில் ஒரு பட்டியல் உண்டு. இடப்பக்கம் விலங்கின் பெயர். அதற்கு நேரே இரண்டு பத்திகள். ஒன்றில் தந்தை சுட்டவை, அடுத்ததில் மகன் கெர்மிட் சுட்டவை. சிங்கம் 9, 8. யானை 8, 3. காட்டெருமை 6, 4. சிறுத்தைக்கு நேரே தந்தையின் பத்தி வெறுமையாக இருக்கிறது, மகன் 3 சுட்டிருக்கிறான். சிவிங்கிப்புலியும் அப்படியே: மகனுக்கு மட்டும் 7. கூட்டிப் பார்த்தால் தந்தைக்கு 296, மகனுக்கு 216. மொத்தம் 512 உயிர்கள்.

இன்று இப்பட்டியலைக் காண்பவர்கள் 512 என்ற எண்ணில் அதிர்ந்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்த அதிர்ச்சி நியாயமானது. ஆனாலும், எண்ணைவிட அதைப் பிரித்துக் காட்டும் பத்திகளிடமே எனக்குக் கேள்வி இருக்கிறது. ஒரு நாட்டின் தேசிய அருங்காட்சியகத்துக்காக நடந்த சேகரிப்பு இது. அதில் யார் எதைச் சுட்டார் என்று தந்தைக்கும் மகனுக்கும் தனித்தனியே கணக்கு வைத்தது ஏன்? விடை ரூஸ்வெல்ட் குடும்பத்தின் கதையில் இருக்கிறது. மூன்று தலைமுறைகளாக அந்த வீட்டில் துப்பாக்கியும் அருங்காட்சியகமும் ஒன்றாகவே கைமாறி வந்தன. வேட்டை அவர்களுக்கு உறவைக் காட்டும் வழியாக இருந்தது. அருங்காட்சியகம் அந்த வேட்டைக்குப் பொதுநலப் பெருமை தந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் 1909-ன் அந்த நெடிய ஆப்பிரிக்கப் பயணம் புரியும்.

தொடக்கம் நைல் நதியில். 1872 குளிர்காலத்தில் நியூயார்க்கின் செல்வந்தரான மூத்த தியோடர் ரூஸ்வெல்ட் மனைவி மக்களோடு எகிப்துக்குப் போய், ஒரு பாய்மரப் படகை அமர்த்திக்கொண்டு நைலில் பயணம் செய்தார். இளைய தியோடருக்கு அப்போது 14 வயது. ஆஸ்துமாவில் இளைத்த பையன். அண்மையில்தான் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான். அப்பா தந்த துப்பாக்கியால் ஆற்றங்கரையில் நூற்றுக்கு மேற்பட்ட பறவைகளைச் சுட்டான். சுட்டதோடு விடவில்லை. தோலை உரித்து, பாடம் செய்து, பெயரும் இடமும் எழுதிய சீட்டைக் காலில் கட்டி வைத்தான். பாடம் செய்யும் கலையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஜான் பெல். புகழ்பெற்ற பறவை ஓவியர் ஆடுபானோடு மிஸௌரி நதிப் பயணம் போனவர். அப்பாவோ நியூயார்க்கில் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை நிறுவியவர்களில் ஒருவர். 1869-ல் அதன் சாசனத்துக்கு ஒப்புதல் கிடைத்தது அவர்கள் வீட்டு முன்னறையில்தான். இப்படி ஒரு வீட்டில் வளரும் பையனுக்கு, கொன்ற பறவை அருங்காட்சியகத்துக்குப் போனால் அது அறிவுக்குச் செய்த தொண்டு என்ற எண்ணம் இயல்பாகவே வேரூன்றும். சிறுவயதில் சேர்த்த பறவைத் தோல்களில் பெரும்பகுதியை 1882-ல் அவர் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார். 27 ஆண்டுகள் கழித்து ஆப்பிரிக்காவுக்கு அவரை அனுப்பியதும் அதே ஸ்மித்சோனியன்தான்.

தம்பி எலியட்டின் கதை வேறு. 1880 கோடையின் இறுதியில், அண்ணனின் திருமணத்துக்குச் சில வாரங்கள் முன்பு, இருவரும் அயோவா, மினசோட்டா புல்வெளிகளில் சேர்ந்து பறவை வேட்டையாடினார்கள். திருமணம் முடிந்ததும் எலியட் இந்தியாவுக்குக் கப்பலேறினார். ஹைதராபாத் பக்கத்துக் காடுகளில் புலி வேட்டை, பிறகு இலங்கையில் யானை வேட்டை. வீட்டுக்கு அவர் எழுதிய கடிதங்களை அண்ணன் ஏக்கத்தோடு படித்திருக்க வேண்டும். புலி, யானை போன்ற பெருவிலங்கு எதையும் அண்ணன் அதுவரை சுட்டிருக்கவில்லை. எலியட் பின்னாளில் குடிக்கு அடிமையாகி 1894-ல், 34 வயதில் இறந்தார். அவருடைய மகள் எலினார் அப்பாவின் வேட்டைக் கடிதங்களைத் தொகுத்து 1930-களின் தொடக்கத்தில் நூலாக்கினார். பத்து வயது நிறையும் முன்பே தந்தையை இழந்தவருக்கு அந்தக் கடிதங்கள் எவ்வளவு பெரிய சொத்தாக இருந்திருக்கும்! பிற்காலத்தில் மனித உரிமைகளுக்காக உலகறிய உழைத்த எலினார் ரூஸ்வெல்ட் தொகுத்த நூல்களில் ஒன்று புலியும் யானையும் மடிகிற வேட்டை நூல் என்பதை நான் முரண்பாடாகப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் அப்பாவின் நினைவு அந்த வடிவில்தான் கிடைத்தது.

1909 மார்ச் 4-ஆம் நாள் தியோடர் ரூஸ்வெல்ட்டின் பதவிக்காலம் முடிந்தது. அதே மாதம் 23-ஆம் நாள் கப்பலேறிவிட்டார். வயது 50. வெள்ளை மாளிகையில் குத்துச்சண்டைப் பயிற்சியில் பட்ட அடியால் இடது கண் பார்வை போயிருந்தது. அது அப்போது வெளியே தெரியாது. தமக்குப் பின் வந்த டாஃப்ட்டின் ஆட்சியில் தம் நிழல் விழக்கூடாது என்பதற்காகவும் அவர் தொலைதூரம் போக விரும்பினார். ஹார்வர்டில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த 19 வயது கெர்மிட்டை உடன் அழைத்துக்கொண்டார். பயணத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே ஸ்மித்சோனியன் செயலர் சார்ல்ஸ் வால்காட்டுக்கு எழுதி ஓர் ஏற்பாட்டை முன்வைத்திருந்தார்: நீங்கள் இயற்கையியலாளர்களை அனுப்புங்கள், நாங்கள் சுடுவதெல்லாம் தேசிய அருங்காட்சியகத்துக்கு. எட்கர் மியர்ன்ஸ், எட்மண்ட் ஹெல்லர், ஆல்டன் லோரிங் ஆகிய மூவர் வந்தார்கள். அவர்களுடைய செலவுக்கு ஆண்ட்ரூ கார்னெகி முதலியோர் நன்கொடை தந்தார்கள். தமக்கும் மகனுக்கும் ஆன செலவை ரூஸ்வெல்ட்டே ஏற்றார்; ஸ்க்ரிப்னர்ஸ் இதழில் எழுதும் கட்டுரைகளுக்கு 50,000 டாலர் பேசப்பட்டிருந்தது.

ஏப்ரல் 21-ல் மொம்பாசா. அங்கிருந்து உகாண்டா ரயில்பாதை. இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, கொண்டுவரப்பட்ட 30,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் போட்ட பாதை அது. 1898-ல் சாவோ பாலத்தருகே சிங்கங்கள் இழுத்துப்போனவர்களில் பலர் அவர்களே. ரூஸ்வெல்ட் எஞ்சினின் முகப்பில் பொருத்திய பலகையில் உட்கார்ந்து, இருபுறமும் மேயும் மந்தைகளைப் பார்த்தபடி சென்றார். கப்பலிலிருந்து உடன்வந்த பிரெட்ரிக் செலூஸ், ஆப்பிரிக்க வேட்டைக்காரர்களில் அன்று தலைசிறந்தவராக மதிக்கப்பட்டவர். கபிட்டி சமவெளியில் சர் ஆல்ஃப்ரெட் பீஸ் தம் பண்ணையில் விருந்தளித்தார். ஜுஜா பண்ணையில் மக்மில்லன். நண்பர் வீடு விட்டு நண்பர் வீடாகப் போகும் பயணம்போல முதல் சில மாதங்கள் கழிந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனிதக் கை படாத ஆதிகாலத்து விலங்குலகத்தில் நுழைந்ததாக ரூஸ்வெல்ட் எழுதினார். ஆனால் அந்தப் புல்வெளிகளில் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த மாசாய் மக்கள், 1904 ஒப்பந்தத்தின்படி பிளவுப் பள்ளத்தாக்கின் நல்ல மேய்ச்சல் நிலங்களிலிருந்து அப்போதுதான் அகற்றப்பட்டிருந்தார்கள். 1911-ல் மறுபடியும் அகற்றப்பட்டார்கள். அதற்கு முன்பே 1890-களின் மாட்டுக் கொள்ளைநோயும் அம்மையும் அவர்களை நொறுக்கியிருந்தன. வெள்ளைக்காரப் பண்ணைகளின் விருந்தோம்பல் அந்த வெறுமையின்மேல் எழுந்தது.

பயணத்தில் 200-க்கும் மேற்பட்ட சுமையாட்கள். தலைக்கு ஏறத்தாழ 27 கிலோ சுமை. விலங்குத் தோல்களைக் கெடாமல் காக்க மட்டும் 4 டன் உப்பு போயிற்று. ஒருவருடைய சுமை முழுக்கப் புத்தகம்: ரூஸ்வெல்ட்டின் தங்கை பன்றித்தோல் அட்டை போட்டு, அலுமினியப் பெட்டியில் அடுக்கித் தந்த 60-க்கு அருகான நூல்கள். தோட்டா உறையோடும் ரத்தக் கையோடும் மர நிழலில் உட்கார்ந்து அவர் அவற்றைப் படித்தார். ஆங்கில நண்பர்கள் சந்தா போட்டு வாங்கிக் கொடுத்த ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் இரட்டைக் குழல் துப்பாக்கி யானைக்கும் காண்டாமிருகத்துக்கும். மற்றவற்றுக்கு வின்செஸ்டரும் ஸ்பிரிங்ஃபீல்டும்.

கெர்மிட் கூச்ச சுபாவமுள்ள, மெலிந்த, படிப்பில் நாட்டமுள்ள பிள்ளை. அந்தப் பயணத்தில் அவன் மாறியதைத் தந்தை வியப்போடும் பயத்தோடும் வீட்டுக்கு எழுதினார். குதிரையில் விலங்கைத் துரத்தினால் நாள் முழுக்கத் துரத்துவான். சிறுத்தை பாய்ந்து வந்தபோது, சில எட்டு தூரம் நெருங்கும்வரை அசையாமல் நின்று சுட்டான். மகன் துணிச்சல் மிகுந்தவனாகிவிட்டான் என்ற பெருமையும், அந்தத் துணிச்சலே அவனைக் கொண்டுபோய்விடுமோ என்ற அச்சமும் அந்தக் கடிதங்களில் மாறிமாறி வருகின்றன. பட்டியலின் இரண்டாவது பத்தியை நான் இந்தக் கடிதங்களோடு வைத்துத்தான் படிக்கிறேன். ஒவ்வோர் எண்ணும் ஒரு தகப்பன் தன் மகன் ஆளாகிவிட்டான் என்று உலகுக்குச் சொல்லும் சாட்சி. பயணத்தின் புகைப்படக்காரனும் கெர்மிட்தான். அவன் கேமராவோடு யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் அருகில் ஊர்ந்து போகும்போது, பின்னால் துப்பாக்கியோடு காவல் நிற்பது தந்தையின் வேலை.

கென்யா மலையடிவாரத்து யானை வேட்டை ரூஸ்வெல்ட்டுக்கு வாழ்நாள் நினைவு. நிடோரோபோ இனத்துத் தடம் பார்ப்பவர்கள் முன்னே செல்ல, வழிகாட்டி கனிங்ஹாமோடு அடர்காட்டில் ஊர்ந்துபோய்ப் பெரிய ஆண் யானையை அவர் வீழ்த்தினார். இரண்டு குழலும் காலியான அந்தக் கணத்திலேயே புதரைப் பிளந்துகொண்டு இன்னோர் ஆண் யானை வந்தது, துதிக்கை எட்டினால் படும் தூரத்தில். ரூஸ்வெல்ட் மரத்தின் பின்னே பதுங்க, கனிங்ஹாமின் குண்டு அதைத் திருப்பியது. அன்றிரவு நெருப்பில் யானையின் இதயத்தை வாட்டித் தின்றதாக எழுதுகிறார். வாசின் கிஷு பீடபூமியில் நந்தி இனத்து வீரர்கள் சிங்கத்தை வளைத்து ஈட்டியால் குத்திக் கொன்ற காட்சியையும் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு வீரர் சிங்கத்தின் பல்லிலும் நகத்திலும் கிழிபட்டார். துப்பாக்கி இல்லாமல் சிங்கத்தின் முன் நிற்பவர்களை அவர் தமக்கு மேலான வேட்டைக்காரர்களாகவே மதித்தார். அந்தப் பக்கங்களில் அவருடைய எழுத்து தன்னை மறந்து நிமிர்கிறது.

சுமையாட்களைப் பற்றியும் அவர் அன்போடுதான் எழுதினார். தமது துப்பாக்கி ஏந்திய முகமதுவையும் பக்காரியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். ஆனால் அந்த அன்பு அக்காலத்து எசமானின் அன்பு. அவர்களைப் பெரிய குழந்தைகள்போலவே பார்க்கிறது. பயணத்தின் கடைசிக் கட்டத்தில், நைல் கரையில், துப்பாக்கி சுமப்பவர் ஒருவர் காய்ச்சலிலும் சுமையாட்கள் நால்வர் வயிற்றுக்கடுப்பிலும் இறந்தார்கள். இருவரை விலங்குகள் குதறின. வழியிலிருந்த ஒரு கிராமத்தில், இவர்கள் தங்கியிருந்த நாட்களிலேயே, எட்டுப் பேர் தூக்க நோயில் மாண்டார்கள். இவையெல்லாம் நூலில் ஓரிரு வரிகளில் வந்து போகின்றன. 512 விலங்குகளுக்கு இனம்வாரியாகப் பத்தி இருக்கிறது. இறந்த ஐவருக்குப் பட்டியல் இல்லை. இந்த இடத்தில் அந்த நூலை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அறிவியல் பயன் இருந்ததா? இருந்தது, அதை மறுப்பது நேர்மையாகாது. மொத்தம் 11,400 அளவில் உயிரின மாதிரிகள் ஸ்மித்சோனியனுக்குப் போயின. பாலூட்டிகள் மட்டும் ஏறத்தாழ 4,900. இவற்றில் மிகப்பெரும்பகுதி ஹெல்லரும் லோரிங்கும் மியர்ன்ஸும் பொறி வைத்தும் சுட்டும் பிடித்த எலிகள், மூஞ்சூறுகள், வௌவால்கள், சிறு பறவைகள். கிழக்கு ஆப்பிரிக்கச் சிற்றுயிர்களைப் பற்றிய அறிவுக்கு அவை அடித்தளமாயின. 1914-ல் ரூஸ்வெல்ட்டும் ஹெல்லரும் சேர்ந்து ஆப்பிரிக்கப் பெருவிலங்குகளின் வாழ்க்கை பற்றி இரண்டு தொகுதிகள் எழுதினார்கள். தமக்கும் மகனுக்குமென்று வைத்துக்கொண்டவை ஒரு டஜன் அளவில்தான் என்றும், மற்றவை அருங்காட்சியகத்துக்கோ உணவுக்கோ பயன்பட்டன என்றும் ரூஸ்வெல்ட் எழுதினார். அதை நான் நம்புகிறேன். ஆனால் அருங்காட்சியகத்தில் நிறுத்த ஓர் ஆண், ஒரு பெண், ஒரு குட்டி போதுமானபோது, 17 சிங்கங்கள் எதற்கு? வேட்டையின் மகிழ்ச்சி, தந்தையும் மகனும் பகிர்ந்துகொண்ட மகிழ்ச்சி, அந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

1910 மார்ச்சில் கார்ட்டூமில் மனைவி எடித்தும் மகள் எத்தலும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அதே மார்ச்சில் வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் புதிய அருங்காட்சியகக் கட்டடம் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது.

தந்தையோடு போன காட்டுப் பயணம் கெர்மிட்டை விட்டுப் போகவே இல்லை. 1914-ல் பிரேசிலின் அறியப்படாத ஆறொன்றில் தந்தை காலில் காயம் சீழ்பிடித்துக் காய்ச்சலில் கிடந்து, என்னை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றபோது, விட மறுத்துக் கொண்டுவந்து சேர்த்தவன் கெர்மிட். தந்தை 1919-ல் மறைந்த பிறகு தந்தையின் பெயரையே கொண்ட அண்ணன் தியோடரோடு சேர்ந்து வேட்டையைத் தொடர்ந்தான். சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்துக்காக 1929-ல் சீனாவின் சிச்சுவான் மலைகளுக்குப் போனார்கள். மேலைநாட்டு வேட்டைக்காரர் எவரும் அதுவரை பெரும்பாண்டாவைச் சுட்டதில்லை. பனியில் தடம் தொடர்ந்து போய், மரப்பொந்திலிருந்து வெளிவந்த பாண்டாவைக் கண்டதும் அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் சுட்டார்கள். யார் சுட்டது என்ற பெருமை இருவருக்கும் சமமாக வேண்டுமென்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். தந்தையின் நூலில் இரண்டு பத்திகள் இருந்தன. மகன்கள் அதை ஒரே பத்தியாக்கிவிட்டார்கள். அந்தப் பாண்டா இன்றும் சிகாகோவில் பாடம் செய்யப்பட்டு நிற்கிறது. சித்தப்பா எலியட்டைப் போலவே குடியிலும் மனச்சோர்விலும் வீழ்ந்த கெர்மிட், 1943-ல் அலாஸ்காவின் ராணுவ முகாமில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான்.

கடைசியாக லாடோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பயணத்தின் மிகக் கனமான கணக்கு அங்கே இருக்கிறது. மேல் நைலின் மேற்குக் கரையில் பெல்ஜிய மன்னர் லியோபோல்டுக்கு அவர் ஆயுள் வரை விடப்பட்டிருந்த நிலப்பகுதி அது. லியோபோல்டு 1909 டிசம்பரில் இறந்தார். அடுத்த மாதமே ரூஸ்வெல்ட் அங்கே கூடாரமடித்தார். அவர் தேடிப்போனது வெள்ளைக் காண்டாமிருகம். தெற்கு ஆப்பிரிக்காவில் அந்த இனம் நூற்றுக்கும் கீழே சுருங்கி, சூலூலாந்தின் ஒரு மூலையில் மட்டும் எஞ்சியிருந்தது. லாடோவிலிருந்த வடக்குக் கிளையை அறிவியல் தனியாக வகைப்படுத்தி இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. தந்தை 5, மகன் 4. ஒன்பது மிருகங்கள் சரிந்தன. அருகிவரும் இனம் என்று ரூஸ்வெல்ட்டுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான், மறைவதற்குள் அருங்காட்சியகத்துக்கு நல்ல மாதிரிகள் வேண்டும் என்று நினைத்தார். அக்காலத்து இயற்கையியலாளர்கள் பலருக்கும் இருந்த எண்ணம் இது. அழிவைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று நாட்டில் போராடிய அதே மனிதர், அழிவுக்கு முந்திக்கொள்ளத் துப்பாக்கியை எடுத்தார். அவருக்குள் இரண்டும் உண்மையாகவே இருந்தன.

அந்த இனத்தை அழித்தது இந்த ஒன்பது அல்ல. 1960-களில் ஆப்பிரிக்காவின் நடுவே இன்னும் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன. பிறகு உள்நாட்டுப் போர்களும் கொம்புக் கள்ளச்சந்தையும் அவற்றைத் துடைத்தெடுத்தன. காங்கோவின் கரம்பா பூங்காவில் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குப் பிறகு எதுவும் தென்படவில்லை. கடைசி ஆண் மிருகமான சூடான் 2018 மார்ச்சில் கென்யாவில் இறந்தது. இன்று நஜின், ஃபாட்டு என்ற தாயும் மகளும் மட்டுமே மிச்சம். இருவராலும் கருத்தரித்துக் குட்டி ஈன முடியாது. உறைய வைத்த விந்தும் ஃபாட்டுவின் கருமுட்டையும் சேர்த்து ஆய்வகத்தில் 30-க்கும் மேற்பட்ட கருக்கள் உருவாக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தெற்குக் கிளையின் பெண் மிருகங்கள் சுமக்க வேண்டும். அது நடக்கக்கூடியதுதான் என்பதைத் தெற்குக் கருவை வைத்துச் செய்த சோதனை காட்டியதாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள்.

லாடோவில் ரூஸ்வெல்ட்டின் கூட்டம் ரைனோ கேம்ப் என்று அழைத்த இடம் இன்றைய உகாண்டாவில் அதே பெயரோடு இருக்கிறது. தென் சூடான் போரிலிருந்து தப்பிவந்த பல்லாயிரம் அகதிகளின் குடியிருப்பு அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. தெற்கே ஒரு மூலையில் நூற்றுக்கும் கீழே சுருங்கியிருந்த காண்டாமிருகங்களோ காவலும் பொறுமையும் கிடைத்ததால் ஆயிரக்கணக்கில் பெருகின. 2023 ஜூனில் அவற்றில் 16-ஐ தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோய்க் கரம்பாவில் விட்டார்கள். வடக்குக் கிளை மறைந்துபோன அதே புல்வெளியில் அவை இப்போது மேய்கின்றன.